தங்கவயல் 1880: நசுங்கிய கல், நீண்ட ரப்பர்

சென்ற இதழை லாவெல்லோடு நிறுத்தியிருந்தோம். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியேறிய அந்த அயர்லாந்துக்காரர் 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் வந்தார். 1873-ல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். கையிருப்பு கரைந்ததும் 1877-ல் பெரெஸ்ஃபோர்டு கூட்டாளிகளுக்கு உரிமையைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கினார். அவர்களும் தோண்டிப் பார்த்துச் சலித்துப்போன நேரத்தில், 1880-ல், லண்டனிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே நுழைகிறது.

வரிசைப்படி இந்த இதழில் கேப்டன் பிளம்மர் வந்திருக்க வேண்டும். மைசூர் சுரங்கத்தில் அவர் சாம்பியன் ரீஃப் என்ற தங்கப் பாறைநாளத்தை வெட்டித் திறந்த கதைக்காகத்தான் பல வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அவரை ஓர் இதழ் தள்ளி வைக்கிறேன். ஏனென்றால் இந்த 1880 என்ற ஆண்டை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நம் ஊரில் கம்பெனி கால் வைத்த அதே ஆண்டில் ஐரோப்பாவில் இரண்டு சோதனைகள் நடந்தன. ஒன்று பாரிஸில், கல்லைக் கொண்டு. இன்னொன்று ஜெர்மனியில் கீஸன் என்ற ஊரில், ரப்பரைக் கொண்டு. தொட்டால் மின்சாரம் தரும் பொருள், மின்சாரம் கொடுத்தால் அசையும் மென்பொருள் என்று இன்று பேசப்படும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த இரண்டில்தான் இருக்கிறது. மென்பொருள் என்றால் இங்கே கம்ப்யூட்டரில் ஓடுவதல்ல; ரப்பர், ஜெல் போன்ற மெத்தென்ற பொருள்.

முதலில் கல். பாரிஸில் ழாக் கியூரிக்கு அப்போது வயது 24, தம்பி பியேருக்கு 21. மேரி அந்தக் குடும்பத்துக்குள் வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் குவார்ட்ஸ், டூர்மலின், புஷ்பராகம், ஏன், கரும்புச் சர்க்கரைப் படிகத்தைக்கூடக் குறிப்பிட்ட திசையில் சீவி, இருபுறமும் தகரத் தாள் ஒட்டி, மேலே எடை வைத்து அழுத்தினார்கள். தாளில் மின்னூட்டம் தெரிந்தது. எடையை எடுத்தால் எதிர்க்குறி மின்னூட்டம். பீசோ மின்சாரம் என்று பிறகு பெயர் பெற்றது இதுதான். அடுத்த ஆண்டே லிப்மன் என்பவர் காகிதத்தில் கணக்குப் போட்டு, இது மறுதலையாகவும் நடந்தாக வேண்டும், மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரிய வேண்டும் என்றார். சகோதரர்கள் 1881-லேயே அதையும் அளந்து காட்டிவிட்டார்கள்.

குவார்ட்ஸ் என்றால் என்ன? தமிழ்நாட்டுக் காட்டுமேட்டில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல்லின் இனம். நம் ரீஃபில் அது வெள்ளையாக இருக்காது. நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், பார்க்க அழுக்காகவே இருக்கும். தங்கம் அதற்குள் கண்ணுக்குப் படாத பொடியாகக் கலந்து கிடந்தது. அந்தக் கல்லை வெடிவைத்து உடைத்து, மேலே ஏற்றி, ஸ்டாம்ப் மில்லில் இடித்து மாவாக்கினால்தான் தங்கம் பிரியும். இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று இரவும் பகலும் இடித்தன. 1890களில் சைனைடு முறையும் சேர்ந்துகொண்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை எடுத்த தங்கம் சுமார் 800 டன். தங்கத்தைக் கொடுத்துவிட்டு மீந்த கல்மாவு 3 கோடி டன்னுக்கு மேல். ஊரைச் சுற்றி நிற்கும் சைனைடு மேடுகள் அதுதான். காற்றடித்தால் இன்றும் வீட்டுக்குள் வந்து படிகிறது.

ஆக, பாரிஸில் இரண்டு இளைஞர்கள் குவார்ட்ஸை மெல்ல அழுத்தி அதிசயித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், அதே கல்லை டன் கணக்கில் நசுக்கும் ஏற்பாடு இங்கே தொடங்கியது. அப்படியானால் நம் ஸ்டாம்ப் மில்லில் மின்சாரம் கொட்டியிருக்க வேண்டாமா? கொட்டாது. ஒரு நியூட்டன் விசைக்கு நல்ல குவார்ட்ஸ் படிகம் தரும் மின்னூட்டம் சுமார் 2.3 பைக்கோ கூலும். ஒரு கூலுமைக் கோடியாக வகுத்து, அதை இன்னும் ஒரு லட்சத்தால் வகுத்தால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரலாம். அதுவும் ஒரே படிகமாக, சரியான திசையில் சீவியதாக இருந்தால். ரீஃபில் இருப்பது கோடிக்கணக்கான குறுமணிகள். ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒன்று கொடுப்பதை இன்னொன்று கெடுத்துவிடும்.

ஆனால் கல்லுக்குள் நடந்த கதை இதோடு முடியவில்லை. 2024-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் வாய்ஸி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். தங்கம் கரைந்த திரவத்தில் குவார்ட்ஸ் துண்டுகளை மூழ்கவைத்து, நில அதிர்வு குலுக்குவதைப் போலத் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்தார்கள். கல்லில் எழுந்த மின்னழுத்தத்தால் தங்கம் திரவத்திலிருந்து பிரிந்து கல்லின்மேல் படிந்தது. ஏற்கெனவே தங்கம் ஒட்டியிருந்த இடத்தில் மேலும் மேலும் சேர்ந்தது. குவார்ட்ஸ் ரீஃபில் பெரிய தங்கக் கட்டிகள் உருவாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கோலார் தங்கம் கட்டி வகையல்ல, பொடி வகை. ஆகவே நம் ரீஃபுக்கு இதை அப்படியே பொருத்திப் பேச முடியாது. என்றாலும் தங்கத்தையும் குவார்ட்ஸையும் அழுத்தத்தையும் மின்சாரத்தையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பார்க்க 1880-லிருந்து 144 ஆண்டுகள் ஆகியிருப்பதைக் கவனியுங்கள்.

இனி ரப்பருக்கு வருவோம்.

வில்ஹெல்ம் ராண்ட்ஜென் என்றால் எக்ஸ்ரே, 1901-ல் முதல் இயற்பியல் நோபல் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். எக்ஸ்ரே வந்தது 1895-ல். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, கீஸன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக அவர் கையில் எடுத்தது வேறு கேள்வி. மின்னூட்டம் ஏற்றினால் மின்கடத்தாப் பொருள் உருவம் மாறுமா? கேள்வி புதிதல்ல. லேய்டன் ஜாடியில் மின்னூட்டம் ஏற்றினால் அதன் கொள்ளளவு மாறுவதாக வோல்ட்டா 1776-லேயே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். கண்ணாடியில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ராண்ட்ஜென் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார். ஒரு நீண்ட ரப்பர் பட்டையை மேலே கட்டித் தொங்கவிட்டு, கீழே எடை மாட்டினார். பட்டையின் இருபுறமும் ஊசிமுனைகளிலிருந்து மின்னூட்டத்தைத் தெளித்தார். எடை இறங்கியது. மின்னூட்டத்தை எடுத்தார், எடை ஏறியது. மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, காந்தம் இல்லை. வெறும் ரப்பர், மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டு எடையைத் தூக்கி இறக்கியது.

நடப்பது இவ்வளவுதான். பட்டையின் ஒரு பக்கம் நேர் மின்னூட்டம், மறுபக்கம் எதிர். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் நசுங்கும். ரப்பரின் கன அளவு குறையாது. ஆகவே தடிமன் குறைந்தால் பரப்பு கூடித்தான் ஆக வேண்டும், உள்ளங்கையில் வைத்து அழுத்திய சப்பாத்தி மாவு விரிவதைப் போல. மின்னழுத்தத்தை இரட்டித்தால் நசுக்கும் விசை நான்கு மடங்காகும். ஒரு மைக்ரான் தடிமனுக்கு 100 வோல்ட் வீதம் கொடுத்தால், சாதாரண ரப்பர் வகைகளில் சுமார் மூன்று, மூன்றரை வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். சைக்கிள் டியூபில் அடிக்கும் காற்றுக்கு அது குறைந்ததல்ல. ஆனால் 50 மைக்ரான் தடிமனுள்ள ரப்பருக்கு அதற்காக 5,000 வோல்ட் வேண்டும். இந்த 'ஆனால்'தான் அடுத்த நூற்று நாற்பது ஆண்டுகளாக இந்தத் துறையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கோலாரில் அந்த ஆண்டுகளில் மின்சாரமே கிடையாது. கம்பெனி இயந்திரங்களெல்லாம் நீராவியில் ஓடின. விறகும் நிலக்கரியும் வண்டி வண்டியாகக் கொதிகலன்களுக்குள் போயின. பாதாளத்தில் மனிதனுக்கு இருந்த கருவி கைதான், காதுதான். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடுவுணர்வுக் கருவிகளைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் யாரும் சுரங்கத்தை நினைப்பதில்லை.

வெடி வைத்து முடித்து, புகை அடங்கியபின் உள்ளே போகும் ஆள் முதலில் செய்வது கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பது. பாறை கெட்டியாக இருந்தால் கணீரென்று கேட்கும், கடப்பாரை கையில் துள்ளும். பாறை விட்டுப்போயிருந்தால் ஓசை மொத்தென்று விழும், துள்ளல் கையில் செத்துப்போகும். ஒரு கையால் தட்டிக்கொண்டே மறுகையைப் பாறையில் வைத்து அதிர்வை வாங்கிப் பார்ப்பதும் உண்டு. காது ஏமாற்றினாலும் உள்ளங்கை ஏமாற்றாது என்பது சுரங்கத் தொழிலின் பழைய கணக்கு. ஆழம் போகப்போகப் பாறையே சுட்டது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், குளிர்காற்று போய்ச் சேராத புதிய பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தொடும். கை வைத்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, கேஜ்: ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு. மேலே வைண்டிங் இன்ஜின் அறையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் கேஜையோ அதில் ஏறும் ஆட்களையோ பார்ப்பதே இல்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் ஆழம் காட்டும் முள்ளும் மணி ஓசையும். ஓடும்போது ஒரு தட்டு வந்தால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறார்கள். அந்த மூன்றுக்குப் பிறகு அவர் கை பிரேக் லீவரில் இருக்கும் விதமே மாறும். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பிவடம் பார்ப்பதற்குத்தான் இரும்பு. இருபது பேர் ஏறினால் அது நீளும், கேஜ் ஓரடி வரை இறங்கும், மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஆடும். நல்ல டிரைவர் அந்த ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, பிறகே லீவரை விடுவார். இயந்திரம் மனிதனிடம் கை வழியாகப் பேசுவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எத்தனை ஆயிரம் உயிர்கள் அந்த லீவரின் பிடியில் ஏறி இறங்கியிருக்கும்!

கையும் காதும் போதாது என்று ஆனது ராக் பர்ஸ்ட் விஷயத்தில். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். தொடக்கத்தில் இதைக் காற்று வெடிப்பு என்றுதான் நினைத்தார்கள். மைசூர் அரசின் டபிள்யூ. எஃப். ஸ்மீத் 1904-ல் இதைப்பற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1912-ல் சாம்பியன் ரீஃபில் நில அதிர்வுமானி வைத்தார்கள். 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து ஜியோஃபோன் வலை பரப்பப்பட்டது. பாறையின் அசைவை மின்சாரமாக மாற்றிக் கம்பியில் அனுப்புவது ஜியோஃபோன். பாறையில் வைத்த உள்ளங்கையின் வேலையைக் கம்பிச் சுருளும் காந்தமும் எடுத்துக்கொண்டன. 1988-ல் தேசியப் பாறை இயங்கியல் நிலையம் இங்கேயே தொடங்கப்பட்டதற்கும் இந்த வெடிப்புகள்தான் காரணம். அந்தக் கதை தனி இதழுக்கு உரியது.

மின்சாரம் வந்தது 1902-ல். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, ஜோலி டி லாட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர் முன்னின்று, காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். மின்னழுத்தம் முப்பதாயிரம் வோல்ட்டைத் தாண்டியது. அன்று உலகிலேயே நீளமான மின்தடங்களில் இதுவும் ஒன்று. பெங்களூருத் தெருவில் விளக்கு எரிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. மைசூர் மகாராஜாவின் தலைநகரங்களுக்கு முன்னால் மாரிகுப்பத்துக்கும் சாம்பியன் ரீஃபுக்கும் மின்சாரம் வந்தது தங்கத்தின் பவிசு. தொழிலாளர் லைன் வீடுகளுக்கு அது எப்போது வந்தது என்பது வேறு கேள்வி. கம்பெனியின் முன்னுரிமைப் பட்டியலில் லைன் எங்கே இருந்தது என்று இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிவசமுத்திரத்து மின்சாரம் விநாடிக்கு 25 சுழற்சி. இன்று நம் வீட்டில் 50. இந்த எண்ணை ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பித்தளை விளக்குக் கூட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் மாலின்க்ரோட் என்பவர் பளபளப்பான ஒரு பித்தளை விளக்குக் கூட்டைத் தற்செயலாக விரலால் தடவினார். விளக்கு எரியும்போது பித்தளை சொரசொரவென்றும், அணைத்தால் வழவழவென்றும் இருந்தது. ஷாக் அடிக்கவில்லை. சூடும் காரணமில்லை. தோழர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 1953-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். விரல் தோலின் மேல்படலம் உலர்ந்தது, மின்சாரம் கடத்தாதது. உள்ளே இருக்கும் சதை ஈரம், கடத்தும். கீழே உலோகம், மேலே ஈரச் சதை, நடுவே உலர்ந்த தோல்: ராண்ட்ஜெனின் ரப்பர் பட்டையில் இருந்த அதே அமைப்பு, நம் விரல் நுனியிலேயே! மாறுமின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உலோகம் தோலை இழுத்து விடுகிறது. சும்மா வைத்திருக்கும் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தடவும்போது மட்டும் உராய்வு கூடிக் கூடிக் குறைவதால் சொரசொரப்பாகத் தெரிகிறது. இழுப்புக்கு நேர், எதிர் என்ற பேதமில்லை. ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை இழுக்கும். ஆகவே நம் ஊரின் 25 சுழற்சி மின்சாரத்தில் விநாடிக்கு 50 இழுப்பு. விரல் நன்றாகவே உணரக்கூடிய வேகம். நூறாண்டுக்கு முன் உரிகத்திலோ ஆண்டர்சன்பேட்டையிலோ, சரியாக மண்ணோடு இணைக்காத ஏதோ ஒரு பித்தளை சுவிட்சைத் தடவிய கை இதை உணர்ந்திருக்க எல்லா நியாயமும் உண்டு.

மாலின்க்ரோட்டுக்கும் முன்னால் ஒரு சிறுவன் இருக்கிறான். 1874-ல் சிகாகோ பக்கத்தில் எலிஷா கிரே என்ற கண்டுபிடிப்பாளர் வீட்டுக் குளியலறையில் அவருடைய மருமகப் பிள்ளை தண்ணீர் இல்லாத தொட்டியின் துத்தநாகத் தகட்டில் மின்சுருளின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஷாக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மறுகை தொட்டியை உரசியபோது தொட்டி ராகம் போட்டது. சுருளின் அதிர்வு எந்தச் சுருதியோ அதே சுருதி. கிரே இதைப் பிடித்துக்கொண்டு தந்தியில் இசை அனுப்பும் கருவி செய்யப் போய்விட்டார். தொலைபேசி உரிமத்தில் பெல்லோடு மோதிய அதே கிரே. தோலும் மின்சாரமும் உலோகமும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதை அப்படியே விட்டுவிட்டார்.

ராண்ட்ஜெனின் ரப்பரும் அப்படித்தான் கிடந்தது. 1949-ல் கட்சால்ஸ்கி என்பவர், அமிலத்திலும் காரத்திலும் முக்கினால் அளவு மாறும் இழைகளைக் காட்டினார். 1969-ல் ஜப்பானில் கவாய், பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலத்தை இழுத்து, மின்புலத்தில் வைத்து எடுத்தால் குவார்ட்ஸைவிட நன்றாகப் பீசோ மின்சாரம் தருகிறது என்று கண்டார். கல்லின் குணம் பிளாஸ்டிக்குக்கு வந்தது அன்றுதான். ஆனாலும் எடையைத் தூக்கும் ரப்பரைத் தேடி எடுக்க 1990கள் ஆயின. கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ரான் பெல்ரின், ராய் கார்ன்ப்ளூ குழுவினர் கடையில் கிடைக்கும் ரப்பர், சிலிக்கோன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, இருபுறமும் கரிப்பசை பூசி, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்துப் பார்த்தார்கள். வென்றது எது தெரியுமா? 3எம் கம்பெனியின் இருபுறம் ஒட்டும் டேப். கண்ணாடியையும் தகடுகளையும் ஒட்டுவதற்காக விற்கும் அக்ரிலிக் டேப். முன்கூட்டியே நன்றாக இழுத்துச் சட்டத்தில் கட்டி மின்சாரம் கொடுத்தபோது அதன் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் விரிந்தது. 2000-ல் 'சயின்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வெளியானபின் செயற்கைத் தசை என்ற பேச்சு பரவியது.

ஆரவாரத்துக்குக் குறைவில்லை. 2005-ல் சான் டியேகோவில் செயற்கைத் தசைக் கைகள் மூன்றோடு ஒரு 17 வயதுப் பள்ளி மாணவியை மல்லுக்கு உட்கார வைத்தார்கள். மூன்றையும் அவள் சாய்த்துவிட்டாள். அதிகம் தாக்குப்பிடித்தது 26 விநாடி. 2010-ல் இந்தத் தொழில்நுட்பத்தை வைத்திருந்த சிறு கம்பெனியை பேயர் வாங்கியது, கைபேசிக்கும் விளையாட்டுக் கருவிக்கும் அதிரும் உறை செய்தது. நிலைக்கவில்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அதிர்வது இன்றும் குட்டிக் காந்த மோட்டாரால்தான். என்னைக் கேட்டால் இதில் வியப்பில்லை. மோட்டாருக்குச் சில வோல்ட் போதும். ரப்பருக்கு ஆயிரங்கள் வேண்டும். ரப்பரில் ஊசிமுனையளவு குறை இருந்தாலும் அந்த இடத்தில் மின்சாரம் துளைத்துப் பாய்ந்துவிடும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

இந்தத் துளைப்புக்கு வந்த மருந்துதான் சுவையானது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கிறிஸ்டோஃப் கெப்லிங்கர் என்ற இளைஞரும் தோழர்களும் 2010-ல் ராண்ட்ஜெனின் 1880 சோதனையை அப்படியே மறுபடி செய்து பார்த்தார்கள். கரிப்பசை பூசாமல், ராண்ட்ஜென் செய்ததைப் போல மின்னூட்டத்தை மேலே தெளித்தால் ரப்பர் எளிதில் துளைபடுவதில்லை என்று தெரிந்தது. பசை பூசிய ரப்பரில் ஓரிடம் மெலிந்தால் சுற்றியுள்ள மின்னூட்டமெல்லாம் அங்கே பாயும். தெளித்த மின்னூட்டம் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கிடக்கும். நூற்று முப்பது ஆண்டுகள் பழைய முறை புதியதைவிட உறுதியாக இருந்தது! அதே கெப்லிங்கர் 2018-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ரப்பருக்குப் பதில் மெல்லிய பைக்குள் தாவர எண்ணெயை அடைத்துத் தசை செய்தார். மின்சாரம் துளைத்தால் எண்ணெய் ஓடிவந்து துளையை மூடிக்கொள்கிறது. திரவத்துக்குக் காயம் ஏது?

இதெல்லாம் எதற்கு என்றால், கம்ப்யூட்டர் நம்மைத் தொட வேண்டும் என்பதற்கு. நாம் அதைத் தொடுவது பழைய கதை. விரலின் மின்னூட்டத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கும் தொடுதிரையை இங்கிலாந்தின் ஜான்சன் 1965-லேயே எழுதிவிட்டார். சாம்பியன் ரீஃபின் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நியூட்ரினோவைப் பிடித்த ஆண்டும் அதுதான். ஆனால் அந்தத் திரை ஊமைக் கண்ணாடி. பட்டனும் படமும் விரலுக்கு ஒன்றுபோலவே இருக்கும். திருப்பித் தொடுவதற்கு ஆரம்பத்தில் மோட்டார் வைத்த இரும்புக் கைகளைத்தான் பயன்படுத்தினார்கள். மண்டயம் சீனிவாசன் தலைமையிலான எம்ஐடி டச் லேபும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் 2002-ல் அட்லாண்டிக்கின் இரு கரைகளில் இருவரை உட்காரவைத்து, திரையில் உள்ள ஒரே பெட்டியை இருவரும் சேர்ந்து தூக்கவைத்தார்கள். ஒருவர் அழுத்துவது மற்றவர் கைக்குத் தெரிந்தது. கனமான கருவி, மேசையோடு கட்டிப்போட்டது. 2010-ல் டிஸ்னி ஆய்வகம் டெஸ்லாடச் என்ற பெயரில் மாலின்க்ரோட்டின் பித்தளைக் கூட்டைத் தொடுதிரைக்குக் கொண்டுவந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட கண்ணாடி மறுபடியும் 3எம் கம்பெனியுடையது.

தமிழ்நாட்டுக்கு இது வந்தது சென்னை ஐஐடி வழியாக. அங்கே பேராசிரியர் மு. மணிவண்ணன் நடத்தும் டச் லேபும், அதிலிருந்து கிளைத்த மெர்க்கல் ஹாப்டிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2023-ல் ஐடேட் என்ற திரையை வெளியிட்டன. நிறுவனத்தின் பெயரே விரல் தோலில் உள்ள மெர்க்கல் செல்லை நினைவூட்டுவது. ஐடேடில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. விரல் எங்கே போகிறது என்று திரை கவனிக்கிறது, போகும் இடத்துக்குத் தக்கபடி மின்புலத்தை மாற்றி உராய்வைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரே கண்ணாடியில் விளிம்பும் சொரசொரப்பும் வழவழப்பும் தெரியும். துணிக்கடை வலைத்தளத்தில் சேலையைத் தடவிப் பார்த்து வாங்கலாம் என்பது இதைப்பற்றிச் சொல்லப்படும் ஆசைகளில் ஒன்று. பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வேறுபாடு தெரிந்தால் நம் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள். அதுவரை கடைக்குத்தான் போவார்கள்.

நம் ஊர் விரல்களுக்கு இதில் ஒரு தனிக்கணக்கு உண்டு. தங்கவயலில் தொழிலாளியின் விரலை முதலில் வாங்கிக்கொண்டது கம்பெனியின் பதிவேடு. கைரேகையை வகைப்படுத்தும் முறைக்கு 1897-ல் கல்கத்தாவில் அலுவலகம் அமைந்தது. அஜீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளின் உழைப்பு அதில் பெரும்பங்கு. தங்கத் திருட்டைத் தடுக்கவும், வேலையிலிருந்து நீக்கியவன் வேறு பெயரில் திரும்பாமல் இருக்கவும் அது இங்கே வந்தபோது, தொழிலாளர் அதைத் திருடனுக்குரிய நடத்தையாகவே பார்த்தார்கள். 1930-ல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள்.

அந்த விரல்கள் துளைக்கும் கருவியைப் பிடித்தவை. காற்றழுத்த டிரில்லை ஆண்டுக்கணக்கில் பிடித்தால் கை மரத்துப்போகும். விரலின் நுண்ணரம்பும் இரத்தக் குழாயும் கெடும். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் 1918-லேயே இந்தியானாவின் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களிடம் இதைப் பதிவுசெய்தார். குளிர் நாட்டில் விரல் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். வெப்ப நாட்டில் வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது, மரப்பு மட்டும் இருக்கும்; ஆகவே எளிதில் கணக்கில் வராமல் போகும். இந்தப் பாதிப்பை மருத்துவர்கள் அளக்கும் வழிகளில் ஒன்று, விரல் நுனியில் 31.5, 125 ஹெர்ட்ஸ் அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது. தொடுதிரை திருப்பித் தொடுவதும் ஏறத்தாழ இதே அலைவரிசைகளில். சோதனைச்சாலையில் இந்தத் திரைகளைத் தடவிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். அவர்கள் விரலில் எடுத்த அளவை வைத்துத் திரையின் பலத்தைத் தீர்மானித்தால் டிரில் பிடித்த கைக்கு அது வெறும் கண்ணாடியாகத்தான் இருக்கும். ரேஷன் கடைக் கருவியில் தேய்ந்த ரேகை விழாமல் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைக்கும் முதியவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இந்தத் திரையைச் செய்கிறவர்கள் மாணவர்களோடு நிறுத்தாமல், ராபர்ட்சன்பேட்டையின் பழைய டிரில்காரர்கள் பத்துப் பேரையும் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது.

1930 வேலைநிறுத்தத்தை அதற்குரிய இடத்தில் விரிவாகப் பார்ப்போம். அடுத்த இதழில் கேப்டன் பிளம்மர். இனி அவரைத் தள்ளிப்போட மாட்டேன்.